தூக்காத கை

நிலத் தகராறு, பாகப் பிரிவினை, வாடகை பாக்கி, தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்த கடன். திருத்தணி உரிமையியல் நீதிமன்றத்தில் என் கைக்கு வரும் கட்டுகள் பெரும்பாலும் இவைதாம். 2024 பிப்ரவரியில் வந்த பிராது இந்த வரிசையில் சேராதது. ஒரு கால்பந்து இறுதி ஆட்டத்தின் முடிவு செல்லாது என்று விளம்பும்படி அது கேட்டது. ஆட்டத்தை மறுபடி நடத்த உத்தரவிடக் கேட்டது. அதுவரை பரிசுப் பணத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும் கேட்டது. வாதி, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி வட்டாரத்து அணியின் கேப்டன். முதல் பிரதிவாதி போட்டியை நடத்திய கமிட்டி. இரண்டாம் பிரதிவாதி கோப்பையை வென்ற எங்கள் ஊர் அணி. மூன்றாம் பிரதிவாதி நடுவர். நடுவருக்காக நான் வக்காலத்து தாக்கல் செய்தேன்.

அவர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் பலருக்குத் தெரியாது, பி.டி. மாஸ்டர் என்றால் தெரியும். போக்குவரத்துச் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு இருபது ஊர் மைதானங்களில் விசில் ஊதியவர். கோர்ட் சம்மன் வீட்டுக்கு வந்தது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

நடந்தது இது. பொங்கலையொட்டி நடக்கும் போட்டி. நுழைவுக் கட்டணம் கட்டி அரக்கோணம், பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர்ப் பக்கங்களிலிருந்து அணிகள் வரும். முதல் பரிசு கோப்பையும் 50,000 ரூபாயும். இறுதி ஆட்டத்தில் இரு தரப்பும் கோல் போடவில்லை. கடைசி நிமிடங்களில் நகரி அணியின் தடுப்பாட்டக்காரர் பந்தைத் தன் கோல் கீப்பருக்கே காலால் தட்டிவிட்டார். கீப்பர் பதற்றத்தில் அதைக் கையால் எடுத்துவிட்டார். 1992 முதல் அது குற்றம். அதற்குத் தண்டனை இன்டைரக்ட் ஃப்ரீ கிக். அதாவது, அடித்த பந்து வேறொரு வீரர் மீது பட்ட பிறகு உள்ளே போனால்தான் கோல். மாஸ்டர் விசில் ஊதினார். எங்கள் ஊர்ப் பையன் ஓடிவந்து ஓங்கி அடித்தான். பந்து யார் மீதும் படாமல் நேராக வலைக்குள் போனது. மாஸ்டர் கோல் கொடுத்தார்.

நகரிப் பையன்கள் அவரைச் சூழ்ந்தார்கள். உள்ளூர்க் கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. அவர்களுடைய கோச் ஓரத்திலிருந்து "வச்சேயண்டிரா!" என்று தெலுங்கில் கத்தி வெளியே அழைக்க, மொத்த அணியும் வெளியேறியது. கமிட்டி சற்று நேரம் காத்திருந்துவிட்டு எங்கள் ஊர் அணி வென்றதாக அறிவித்தது. வக்கீல் நோட்டீஸ் வந்ததும் பயந்துபோய்ப் பரிசுப் பணத்தை பாங்கில் போட்டு வைத்தது.

பிராதில் என்னை உறுத்திய பத்தி ஒன்று உண்டு. நடுவர் தமிழ்நாட்டுக்காரர் என்பதால் தமிழ்நாட்டு அணிக்குச் சாதகமாக வேண்டுமென்றே நடந்துகொண்டார் என்று அதில் எழுதியிருந்தது. இந்த ஊரில் இப்படி ஒரு வரியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் மத்தியஸ்தம் செய்து, 1960 ஏப்ரல் 1 அன்று இந்தப் பக்கம் வந்தது. என் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். நகரியில் பெண் எடுத்த, அங்கே பெண் கொடுத்த குடும்பங்கள் ஏராளம். எல்லைக் கோடு போட்டபோது எங்கள் பெரியவர்களுக்கு வருத்தங்கள் இருந்தன. சித்தூரும் திருப்பதியும் கிடைக்காத ஏக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் கிராமத்தை அலகாக எடுத்துக்கொண்டது, நிலத் தொடர்ச்சியைப் பார்த்தது, மொழிப் பெரும்பான்மையைப் பார்த்தது என்று அந்த மத்தியஸ்தத்துக்கு வெளிப்படையான அளவுகோல்கள் இருந்தன. இழந்தவருக்கும் எதனால் இழந்தோம் என்று தெரியும்.

மாஸ்டரிடம் அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது. பிறகு கேட்காமலே சொன்னார்: "தம்பி, நான் கையைத் தூக்கல."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் விளக்கினார். இன்டைரக்ட் என்றால் நடுவர் ஒரு கையைத் தலைக்கு மேலே உயர்த்த வேண்டும்; பந்து இன்னொருவர் மீது படும் வரையோ ஆட்டத்தை விட்டு வெளியேறும் வரையோ இறக்கக் கூடாது. கூட்டத்தின் இரைச்சலிலும், கோட்டின் மீது வந்து நின்ற நகரிப் பையன்களை ஒழுங்குபடுத்திய அவசரத்திலும் அவர் அதை மறந்துவிட்டார். பந்து உள்ளே போனதும், பழக்கத்தில் கை நடுமைதானத்தைக் காட்டிவிட்டது.

"அப்படியானால் கோல் இல்லை. கோல் கிக் கொடுத்திருக்க வேண்டும், அதுதானே பிராதில் கேட்கிறார்கள்?" என்றேன்.

"அதுவும் தப்பு" என்றார். பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து 13-ஆம் விதியைக் காட்டினார். நடுவர் கையை உயர்த்தி, அடித்த பந்து நேரே உள்ளே போயிருந்தால் எதிரணிக்கு கோல் கிக். நடுவர் சைகை காட்டத் தவறி, பந்து நேரே உள்ளே போயிருந்தால் அந்த உதையை மறுபடி எடுக்க வேண்டும். எங்கள் ஊர் அணி கேட்ட கோலும் சரியில்லை, நகரி அணி கேட்ட கோல் கிக்கும் சரியில்லை. சரியான விடை இரண்டு தரப்பும் கேட்காத மூன்றாவது ஒன்று. அன்று இரவு பேரன் காட்டிய செல்போன் வீடியோவில் தன் இரண்டு கைகளும் தொங்குவதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அது உறைத்திருக்கிறது.

"இதை அப்படியே எழுதிடுங்க. தப்பு என்னோடது. உள்நோக்கம் மட்டும் கிடையாது."

மூத்த வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் படிக்கும் பாடம், எதிருரையில் எதையும் ஒப்புக்கொள்ளாதே என்பதுதான். பிராதின் நான்காவது பத்தியில் கண்ட சங்கதிகள் பொய்யும் கற்பனையும் ஆகும் என்று தொடங்குவது எங்கள் கைக்குத் தானாக வரும். நான் வேறு ஆயுதமும் வைத்திருந்தேன். வாதி தாக்கல் செய்த வீடியோவுக்குச் சாட்சியச் சட்டம் 65-பி பிரிவின்படி சான்று இணைக்கவில்லை. அந்த ஆட்சேபணையை எழுப்பினால் வீடியோவைச் சில காலம் நிறுத்தி வைத்திருக்கலாம். மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "வீடியோ உண்மைதானே தம்பி, அதை எதுக்கு நிறுத்தணும்?" என்றார். நான் அந்த ஆட்சேபணையை விட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்தபோது வழக்குக்கும் அதுதான் நல்லது என்று பட்டது. தவறை ஒப்புக்கொள்கிற மனிதர்மேல் உள்நோக்கம் கற்பிப்பது கடினம்.

எதிர்த்தரப்பில் நகரியிலிருந்து வரும் இளம் வக்கீல். கால்பந்து வெறியர். பிராதிலேயே 2023 மார்ச் 3-ஆம் தேதி பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் நடந்ததை எழுதியிருந்தார். நகரிப் பையன்கள் வெளியேறியதற்கு முன்மாதிரியும் அந்த ஆட்டம்தான். வெளியே அழைத்த கோச் அதை மனதில் வைத்தே அழைத்தார் என்று பிறகு தெரிந்தது. ஆகவே அந்த விவகாரத்தை நான் ஒரு வழக்குக் கட்டைப் போல உட்கார்ந்து படித்தேன்.

இந்தியன் சூப்பர் லீக்கின் நாக்அவுட் ஆட்டம். பெங்களூரு எஃப்சியும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதின. தோற்றவர் வெளியேற வேண்டும். முழு நேரத்தில் கோல் இல்லை. கூடுதல் நேரத்தின் தொடக்கத்தில் பெங்களூருவுக்கு பாக்ஸுக்கு வெளியே ஒரு ஃப்ரீ கிக். கேரள வீரர்கள் தடுப்புச் சுவர் கட்டுவதில் இருந்தார்கள். கீப்பர் பிரப்சுகன் கில் தன் இடத்தில் நிற்கவில்லை. சுனில் சேத்ரி விசிலுக்குக் காத்திராமல் பந்தை மெல்லத் தூக்கி வலைக்குள் போட்டார். நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் என்றார். கேரள வீரர்கள் கொந்தளித்தார்கள். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியை வெளியே அழைத்துக்கொண்டு போனார். அவர்கள் திரும்பவே இல்லை. நடுவர் காத்திருந்து பார்த்துவிட்டு 1-0 என்று பெங்களூரு வென்றதாக முடித்தார்.

இங்கே சட்டக் கேள்வி நுணுக்கமானது. ஃப்ரீ கிக்கை விசில் இல்லாமல் வேகமாக எடுக்க விதி அனுமதிக்கிறது. எதிரணி 9.15 மீட்டர் விலகி நிற்காவிட்டாலும், எடுக்கும் அணி விரும்பினால் எடுக்கலாம். ஆனால் நடுவர் தலையிட்டு, எதிரணியைத் தள்ளி நிற்கச் சொல்லி, சுவரை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டால் நிலைமை மாறுகிறது. அதற்குப் பிறகு விசில் வந்தால்தான் உதை. நடுவர் தலையிட்டுவிட்டார், ஆகவே இது வேகமான ஃப்ரீ கிக் அல்ல என்பது கேரளத்தின் வாதம். விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று தான் நடுவரிடம் முன்பே சொல்லிவிட்டதாக சேத்ரி ஆட்டத்துக்குப் பிறகு சொன்னார். இரண்டில் எது என்பதைப் பொறுத்து அது சரியான கோலாகலாம், பெரிய தவறாகவும் ஆகலாம். அதைத் தீர்மானிக்கும் தகவல் ஒரே ஒருவரின் தலைக்குள் இருந்தது.

மறு ஆட்டம் கேட்ட கேரள அணியின் எதிர்ப்பு ஏற்கப்படவில்லை. மார்ச் 31 அன்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்குக் குழு, ஆட்டத்தைக் கைவிட்டதற்காக அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பகிரங்க மன்னிப்புக் கேட்காவிட்டால் 6 கோடி. பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும். அவரும் மன்னிப்புக் கேட்காவிட்டால் 10 லட்சம். மேல்முறையீடும் தள்ளுபடியானது. ஆட்டத்தை நடுவில் விட்டுப் போவது இந்தியாவில் மிக அரிது. அதற்கு முன் 2012 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரான ஆட்டத்தில் மோகன் பகான் இரண்டாம் பாதிக்கு வர மறுத்தது. கூட்டத்திலிருந்து எறியப்பட்ட கல் சையத் ரஹீம் நபியைத் தாக்கியிருந்தது. இரண்டாண்டுத் தடை விதித்து, பிறகு 2013 ஜனவரியில் அதை நீக்கி 2 கோடி அபராதமாக மாற்றினார்கள்.

வெளியேறியதற்குத் தண்டனை கொடுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். தீர்ப்பு பிடிக்கவில்லை என்று கட்சிக்காரர் கோர்ட்டை விட்டு எழுந்து போனால் வழக்கு அவருக்கு எதிராகத்தான் முடியும். என் மனக்குறை வேறு. 4 கோடி எதற்கு என்று நாட்டுக்கே தெரிந்தது. அந்த ஃப்ரீ கிக் ஏன் செல்லும் என்பதை மட்டும், ஆட்டக்காரர் பேட்டியில் சொல்லித்தான் என்னைப் போன்ற பார்வையாளன் தெரிந்துகொள்ள முடிந்தது. தீர்ப்பளித்தவரின் குரலில் கேட்க முடியவில்லை. நம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1990-இல் எஸ்.என். முகர்ஜி வழக்கில், நீதிமன்றத் தன்மையோடு முடிவெடுக்கும் நிர்வாக அதிகாரியும் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொன்னது. நடுவர் அரசு அதிகாரி அல்ல. அந்தச் சட்டம் அவரைக் கட்டாது. ஆனால் அந்தத் தேவை ஏன் வந்தது என்று பார்த்தால் கண்டீரவாவுக்கும் அது பொருந்தும். காரணம் எழுதாத முடிவைக் கேட்டவன், காரணத்தைத் தானே கற்பித்துக்கொள்வான். நகரிப் பையன்கள் மாநில எல்லையைக் காரணமாக்கிக்கொண்டது போல.

இளம் வக்கீல் கண்டீரவாவை நம்பியதைவிட தாஷ்கண்டை அதிகம் நம்பினார். உண்மையிலேயே வலுவான வாதம் அது. 2005 செப்டம்பர் 3 அன்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் உஸ்பெகிஸ்தானும் பஹ்ரைனும் மோதின. உஸ்பெகிஸ்தான் 1-0 முன்னிலை. அதற்கு ஒரு பெனால்டி கிடைத்து, அதுவும் கோலானது. உதைக்கும் முன்பே உஸ்பெக் வீரர் ஒருவர் பாக்ஸுக்குள் நுழைந்துவிட்டதைப் பார்த்த ஜப்பானிய நடுவர் தோஷிமிட்சு யோஷிதா, பெனால்டியை மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டியவர், பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். ஃபிஃபா அந்த ஆட்ட முடிவை ரத்து செய்து மறு ஆட்டம் நடத்தியது. மறு ஆட்டம் 1-1, அடுத்தது 0-0. வெளியூர் கோல் கணக்கில் பஹ்ரைன் முன்னேறியது. வென்றிருந்த உஸ்பெகிஸ்தான் வெளியேறியது. எங்கள் வழக்கோடு இது எவ்வளவு ஒட்டுகிறது பாருங்கள்: அங்கும் மறுபடி எடுக்க வேண்டிய உதை, இங்கும் மறுபடி எடுக்க வேண்டிய உதை.

விதியின் நிலை இதுதான். ஐந்தாம் விதி, ஆட்டம் தொடர்பான உண்மைகளில் நடுவரின் முடிவே இறுதி என்கிறது. பந்து கோட்டைத் தாண்டியதா, கையில் பட்டதா என்பவை உண்மைகள். அவர் பார்த்தது தவறாக இருந்தாலும் அதுவே நிற்கும். ஆனால் பார்த்ததைச் சரியாகப் பார்த்துவிட்டு, அதற்கு விதியைத் தவறாகப் பொருத்தினால் அது வேறு வகைப் பிழை. யோஷிதாவினுடையது அந்த வகை. மாஸ்டருடையதும் அதுவே. மூன்றாவது வகை நேர்மைக்கேடு. 2016 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் பொலோக்வானேயில், பந்து செனகல் வீரர் கலிடு குலிபாலியின் முழங்காலில் பட்டதற்கு கானா நடுவர் ஜோசப் லாம்ப்டே கையில் பட்டதாகச் சொல்லி பெனால்டி கொடுத்தார். சூதாட்டப் பந்தயங்களின் போக்கில் சந்தேகம் எழுந்து விசாரணை நடந்தது. அவருக்கு வாழ்நாள் தடை. மறு ஆட்டத்தில் செனகல் 2-0 என வென்று 2018 உலகக் கோப்பைக்குப் போனது. வாதி தரப்பு மாஸ்டரை இரண்டாம் வகையிலிருந்து மூன்றாம் வகைக்குத் தள்ளப் பார்த்தது. அதைத் தடுப்பதுதான் என் வேலை.

மே மாத விடுமுறை முடிந்து ஜூனில் கோர்ட் திறந்ததும் விவாதம். அந்த வாரத்தில்தான், ஜூன் 11 அன்று, தோஹாவில் இந்தியா கத்தாரிடம் தோற்றது. சாங்டே போட்ட கோலால் இந்தியா முன்னிலையில் இருந்தது. 73-ஆம் நிமிடத்தில் பந்து கோல் கோட்டுக்கு வெளியே போனதை, வீரர்கள் நின்றதை, வெளியே போன பந்தை இன்னொரு கத்தார் வீரர் இழுத்துவிட யூசுஃப் அய்மன் உள்ளே தள்ளியதை நாடே டிவியில் பார்த்தது. தென்கொரிய நடுவர் கிம் வூ-சுங் கோல் கொடுத்தார். அந்த ஆட்டத்தில் வீடியோ நடுவர் வசதி இல்லை. இந்தியா 2-1 எனத் தோற்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாமல் வெளியேறியது. இந்தியக் கூட்டமைப்பு புகார் எழுதியது, முடிவு மாறவில்லை. கோர்ட் தாழ்வாரத்தில் மறுநாள் இரண்டு தரப்பும் ஒரே குரலில் பேசிக்கொண்டோம். எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும் இரவு தூக்கம் இல்லை.

விவாதத்தில் அவர் முதலில் எடுத்தது ஒப்பந்தச் சட்டம் 28-ஆம் பிரிவு. போட்டி நோட்டீஸின் அடியில் 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்று அச்சிட்டிருந்தார்கள். கோர்ட்டுக்குப் போகும் உரிமையைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது, ஆகவே அந்த வரி செல்லாது என்றார். நான் சொன்ன பதில்: அந்த வரி கோர்ட் கதவை மூடவில்லை. ஆட்டத்தில் நடந்ததை யார் தீர்மானிப்பது என்பதில் இரு தரப்பும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. அந்த வரி இல்லாமல் ஆட்டமே நடக்காது.

மறு ஆட்டம் பற்றி என் வாதம் இன்னும் நேரடியானது. கோர்ட் நேரில் நின்று மேற்பார்வை செய்ய முடியாத தொடர்ச்சியான கடமையை நிறைவேற்றச் சொல்லி உத்தரவிட முடியாது என்கிறது குறித்த நிவாரணச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. எந்த நிமிடத்திலிருந்து தொடங்குவது, யார் யார் ஆடுவது, யார் விசில் ஊதுவது? தாஷ்கண்டில் மறு ஆட்டம் வைத்தது ஃபிஃபா. எந்த நாட்டுக் கோர்ட்டும் அல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1981-இல் ஒரு கீழ்க் கோர்ட் அந்த விபரீதத்தைச் செய்து பார்த்தது. பள்ளிகளுக்கிடையிலான அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் நடுவர் விதியைத் தவறாகப் பொருத்தினார் என்று, குறிப்பிட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடர உத்தரவிட்டது. மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஆட்ட நடுவரின் முடிவுகளை மறுபரிசீலனை செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. லூசியானாவிலும் 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு எதிராக நடுவர்கள் கண்ணெதிரே நடந்த குற்றத்தை விட்டுவிட, டிக்கெட் வாங்கிய ரசிகர்கள், அவர்களில் ஒருவர் வக்கீல், வழக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் லீக் அமைப்பு தானே முன்வந்து அந்த வகைக் குற்றத்தை ஒரு பருவத்துக்கு வீடியோ பரிசீலனைக்குள் கொண்டுவந்தது.

அதுவரை அமைதியாகக் கேட்ட முன்சீப் ஒரு கேள்வி கேட்டார். நான் எதிர்பார்த்துப் பயந்த கேள்வி. "ஆட்டம் மறுபடி தொடங்கும் வரை நடுவர் முடிவை மாற்றலாம் என்று உங்கள் விதியே சொல்கிறது. வாதியின் அணி வெளியேறியதால் ஆட்டம் மறுபடி தொடங்கவே இல்லை. அப்படியானால் இவர் ஏன் மாற்றவில்லை?"

மாஸ்டரின் பிரமாணப் பத்திரத்தில் பதில் இருந்தது, அதையே படித்தேன். அன்று மாலை மைதானத்தில் தவறு அவருக்குத் தெரியவில்லை. கூட்டம் உள்ளே வந்துவிட்டது, எதிர்ப்பவர்கள் கோல் கிக் கேட்டார்கள், யாருமே மறுபடி அடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இரவில் தெரிந்தபோது ஆட்டம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மாற்றும் அதிகாரம் அவருக்கும் இல்லை. 2023 செப்டம்பர் 30 அன்று டோட்டன்ஹாம் ஆட்டத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட நல்ல கோல், வீடியோ அறையில் இருந்தவர்களின் குழப்பத்தால் ஆஃப்சைடாகவே நின்றுபோனதைச் சொன்னேன். அவர்களுக்குத் தவறு தெரிந்தபோது ஆட்டம் தொடங்கிவிட்டது. ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் சில நாட்களிலேயே அந்த அறையின் ஒலிப்பதிவை இங்கிலாந்து நடுவர் அமைப்பு வெளியிட்டது. கேட்ட எவருக்கும் அது சதி இல்லை, அவசரத்தில் வந்த குழப்பம் என்று விளங்கியது. தோல்வி 2-1 என்றே நின்றது, சந்தேகம் நிற்கவில்லை.

ஏதென்ஸையும் வைத்தேன். 2004 ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் கொரியாவின் யாங் டே-யங்குக்கு 10.0 என்று தொடங்க வேண்டிய மதிப்பு 9.9 என்று தொடங்கியது. அவருக்கு வெண்கலம்; தங்கம் அமெரிக்காவின் பால் ஹாம் கழுத்துக்குப் போனது. சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு தவறை ஒப்புக்கொண்டு நடுவர்களை இடைநீக்கம் செய்தது. ஆனாலும் விளையாட்டு நடுவர் மன்றம் பதக்கத்தை மாற்ற மறுத்தது. ஊழலோ உள்நோக்கமோ இல்லாத களத் தவறைக் களத்துக்கு வெளியே திருத்த முடியாது என்பது அதன் நிலைப்பாடு. தவறு தவறுதான் என்று சொல்வதும், முடிவு முடிவுதான் என்று சொல்வதும் ஒன்றாக நிற்க முடியும் என்பதற்கு எனக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

உத்தரவு ஜூலையில் வந்தது. இடைக்கால மனு தள்ளுபடி. பணம் திருப்பித் தரக்கூடிய இழப்பு, ஈடு செய்ய முடியாதது அல்ல. மறு ஆட்டம் நீதிமன்றம் நடத்தக்கூடியது அல்ல. இதெல்லாம் நான் கேட்டதுதான். நான் கேட்காத ஒரு பத்தியையும் முன்சீப் எழுதியிருந்தார். மூன்றாம் பிரதிவாதி தன் தவறை எந்த மழுப்பலும் இல்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார், 13-ஆம் விதியின்படி அந்த உதை மறுபடி எடுக்கப்பட்டிருக்க வேண்டும், உள்நோக்கம் இருந்ததற்கு ஆவணத்தில் எதுவும் இல்லை என்று அது சொன்னது. நகரி அணிக் கேப்டன் அந்த வாரமே சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டார். எதற்கு என்று அவர்களுடைய வக்கீலிடம் கேட்டேன். "கோல் இல்லைன்னு கோர்ட்டே எழுதிடுச்சுன்னு ஊர்ல காட்டணுமாம் சார்" என்றார். கோர்ட் அப்படியே எழுதவில்லை. ஆனாலும் அவர்களுக்கு வேண்டியது அந்தப் பத்தியில் இருந்தது.

அடுத்த போட்டிக்கு விதிமுறை எழுதித் தரச் சொல்லிக் கமிட்டி என்னிடம் வந்தது. எழுத்தில் ஆட்சேபணை வந்தால் நடுவர் அன்றே தன் காரணத்தை எழுதித் தர வேண்டும், அது இரு அணிகளுக்கும் கொடுக்கப்பட வேண்டும், முடிவு எதுவானாலும் மாறாது என்று ஒரு விதியைச் சேர்த்தேன். கமிட்டிச் செயலாளர் தயங்கினார்: "இப்படி எழுத வைச்சா யாரு சார் விசில் ஊத வருவாங்க?" பக்கத்தில் இருந்த மாஸ்டர், "நான் வர்றேன்" என்றார். மாநிலச் சங்கங்களும் அகில இந்தியக் கூட்டமைப்பும் இதைச் செய்ய ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும். கண்டீரவாவில் மறுநாள் காலையில் நான்கு வரி வந்திருந்தால், கேரள ரசிகர்களின் கோபம் தீர்ந்திருக்காது. ஆனால் எதன்மேல் கோபப்படுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

வாதி தரப்பு மேல்முறையீடு செய்யவில்லை. மூல வழக்கையும் வலியுறுத்தவில்லை என்று மெமோ போட்டு முடித்துக்கொண்டார்கள். பாங்கில் இருந்த பணத்தைக் கமிட்டி எங்கள் ஊர் அணியிடம் கொடுத்தது. செலவுத் தொகை பற்றி முன்சீப் போட்ட உத்தரவு, அவரவர் செலவை அவரவர் ஏற்க வேண்டும் என்பது. மாஸ்டரிடம் நான் ஃபீஸ் வாங்கவில்லை. கோர்ட் ஸ்டாம்பு, டைப்பிங் செலவை மட்டும் அவர் பிடிவாதமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.